தெரியாத ஊரில் நல்ல சாப்பாட்டுக் கடையைத் தேடிப் பிடிப்பது எப்படி

பெரிய பெயர்ப்பலகை இருக்காது, விளம்பரம் இருக்காது, சாப்பாடு மட்டும் அருமையாக இருக்கும். அப்படிப்பட்ட சின்னக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அவற்றை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் தினமும் போய்வரும் இடங்கள்தான். வெளியூர்க்காரர் நடக்கும் பாதையில் இல்லை, அவ்வளவே. எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது, எந்த நேரத்துக்குப் போவது என்று தெரிந்துவிட்டால் முதல்முறை பயணம் போகிறவர்கூட ஒரே நாளில் ஒன்றைப் பிடித்துவிடலாம்.

எந்தக் கடை முன்னால் நின்றாலும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: நாளைக்கும் இதே ஆட்கள் இங்கே வருவார்களா? சுற்றுலாத் தலத்தின் வாசலில் இருக்கும் கடைக்காரருக்கு நீங்கள் மறுபடி வரப்போவதில்லை என்று நன்றாகத் தெரியும். அவர் செலவழிப்பது வாடகைக்கும் பலகைக்கும் வாசலில் நின்று கூப்பிடும் ஆளுக்கும். வந்தவரே திரும்பி வந்தால்தான் பிழைப்பு என்றிருக்கும் கடையில், சமையல் ஒருநாள் சறுக்கினால் மறுநாளே கல்லாவில் தெரிந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் அந்த ஆட்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

கிளம்புவதற்கு முன்

அரை மணி நேரம் போதும். போகும் ஊரின் வரைபடத்தை போனில் ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்துகளுக்குள் சிக்னல் போய்விடும். கடை அங்கேதான் இருக்கும்.

அடுத்ததாக, அந்த ஊர் மொழியில் நாலு சொற்களை அதன் சொந்த எழுத்திலேயே எடுத்து வையுங்கள்: 'சாப்பாட்டுக் கடை', 'மதியச் சாப்பாடு', 'இன்றைய சமையல்', அந்த வட்டாரத்துக்குப் பெயர்போன ஏதாவது ஒரு பதார்த்தம். கூகுள் மேப்பில் ஆங்கிலத்தில் தேடினால் ஆங்கிலப் பெயரும் ஆங்கிலக் கருத்துகளும் உள்ள கடைகள்தான் பெரும்பாலும் முன்னே வந்து நிற்கும். உள்ளூர் எழுத்தில் ஒட்டித் தேடினால் பட்டியலே மாறும். சின்னக் கடைக்காரர் தன் மொழியில் மட்டும்தான் பெயரைப் பதிந்திருப்பார். சிலர் அதையும் செய்திருக்க மாட்டார். அப்படி விட்டுப்போன கடைகள் சில ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கிடைக்கும். அது 2004-ல் தொடங்கி, தன்னார்வலர்கள் தெருத்தெருவாக நடந்து குறித்துவரும் வரைபடம். அதில் உள்ள திறப்பு நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். யாரோ எப்போதோ குறித்ததாக இருக்கலாம்.

அந்த ஊரில் மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, வாரத்தில் எந்த நாள் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதையும் பார்த்துவிடுங்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். நம் வயிற்றுக்குப் பசிக்கும் நேரத்துக்கு அங்கே அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். திறந்திருக்கும் ஒன்றிரண்டு கடை வெளியூர்க்காரருக்காகவே திறந்து வைத்ததாக இருக்கும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் ஒரு சின்ன அட்டை தயார் செய்துகொள்ள வேண்டும். உள்ளூர் மொழியில், பெரிய எழுத்தில், மூன்று வரி போதும்: எது ஆகாது, அது எந்தெந்த வடிவில் ஒளிந்திருக்கும் (எண்ணெய், பொடி, சாஸ், குழம்பின் அடி நீர்), சாப்பிட்டால் என்ன ஆகும். மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். போன் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எடுத்துப் போக வேண்டாம்.

கருத்துகளைப் படிக்கும் விதம்

நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 9 பேர் மட்டும் போட்ட 5.0-ஐ விட 800 பேர் போட்ட 4.3 நம்பகமானது. முதலில் வரிசையைப் 'புதியவை முதலில்' என்று மாற்றுங்கள். சமையல்காரர் மாறியிருப்பார், கடை கைமாறியிருக்கும். பழைய புகழ் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசி 3 மாதக் கருத்துகள் என்ன சொல்கின்றன என்பதே கணக்கு.

3 நட்சத்திரக் கருத்துகளைக் கட்டாயம் படியுங்கள். கோபத்திலும் எழுதாமல் பாசத்திலும் எழுதாமல், என்ன சாப்பிட்டேன் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். குறை சொன்னால் என்ன குறை என்று பிரித்துப் பாருங்கள். 'இடம் நெருக்கடி', 'ஆங்கிலம் தெரியவில்லை', 'சீக்கிரம் தீர்ந்துவிட்டது', 'மேசையை இன்னொருவரோடு பகிர வேண்டியிருந்தது' என்பவை நமக்கு நல்ல செய்திகள். 'வயிறு கெட்டது', 'பில்லில் கேட்காததைச் சேர்த்தார்கள்', 'விலை சொன்னது ஒன்று, வாங்கியது ஒன்று' என்று இரண்டு பேர் சொல்லியிருந்தாலே அந்தக் கடையை விட்டுவிடலாம்.

காசு கொடுத்து எழுத வைத்த கருத்துகளையும் அடையாளம் காணலாம். ஒரே வாரத்தில் கொத்தாக வந்திருக்கும். ஒரு பதார்த்தத்தின் பெயர்கூட இருக்காது, 'சூப்பர், அருமையான சேவை' என்பதோடு முடியும். எழுதியவரின் பக்கத்தைத் தொட்டால் அவர் எழுதியது அந்த ஒன்றே ஒன்றாக இருக்கும்.

கருத்துகளை விடப் படங்கள் அதிகம் சொல்லும். கடைக்காரர் ஏற்றியதைத் தள்ளிவிட்டு, வாடிக்கையாளர் எடுத்தவற்றைப் பாருங்கள். தட்டுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் மேசைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வேலை உடுப்பிலா, முதுகுப்பையோடா? குடும்பமாகவா, தனியாளாகவா? மெனுப் பலகையின் படம் இருந்தால் அது எடுத்த தேதியோடு விலையும் கிடைத்துவிடும். டெலிவரி ஆப்பில் உள்ள மதிப்பெண் வேறு கணக்கு. அது பொட்டலத்துக்கும் வண்டி ஓட்டியவரின் வேகத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது. உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

வழிகாட்டிப் புத்தகங்கள் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மிஷெலின் கையேடு 1900-ல் கார் ஓட்டுகிறவர்களுக்காக அதே பெயர் கொண்ட பிரெஞ்சு டயர் கம்பெனி வெளியிட்டது. நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் தர ஆரம்பித்தது 1926-ல். நமக்கு உதவுவது அந்த நட்சத்திரம் இல்லை. நியாயமான விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்காக 1997-ல் 'பிப் கூர்மோ' என்று ஒரு தனிப் பிரிவு கொண்டுவந்தார்கள். போகும் ஊருக்கு அந்தப் பட்டியல் இருந்தால் பாருங்கள். ஆனால் பட்டியலில் ஏறிய கடையில் வரிசையும் நீளும் என்பதை எதிர்பார்த்துப் போங்கள்.

எந்தத் தெருவில் தேடுவது

எல்லாரும் பார்க்க வரும் இடத்திலிருந்து 5 நிமிடம் நடந்து, இரண்டு திருப்பம் திரும்புங்கள். அந்த இரண்டாவது திருப்பத்தில் வாடகை இறங்கிவிடும், கூட்டத்தின் முகமும் மாறிவிடும்.

அதைவிடச் சிறந்த வழி, நின்று வேலை செய்கிறவர்கள் நிறைந்த பகுதிகளைத் தேடிப் போவது. மொத்த விற்பனைச் சந்தை, பேருந்துப் பணிமனை, நீதிமன்றம், அரசு அலுவலகம், கல்லூரி, பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், பட்டறைத் தெரு. இங்கெல்லாம் சாப்பிட வருகிறவர்களுக்கு நேரமும் கிடையாது, வீண்செலவு செய்யக் காசும் கிடையாது. கடையும் அதற்கேற்ப வேகமாகவும் நிறைவாகவும் போட்டாக வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அது தவறினால் கடை இருந்த சுவடே தெரியாது. சந்தைக் கடைகள் விடியுமுன் சூடுபிடித்து மதியத்துக்குள் கழுவி மூடிவிடும். அலுவலகப் பகுதியில் வேலைநாள் மதியம்தான். விடுமுறை நாளில் தெருவே காலியாகக் கிடக்கும். பணிமனைப் பக்கம் ஷிப்ட் மாறும் பின்னிரவில்கூட அடுப்பு எரியும். குடியிருப்புத் தெருக்களில் மாலையிலும் வார இறுதியிலும் பாருங்கள்.

கொலைப்பசியில் தேடக் கிளம்பாதீர்கள். கண்ணில் படும் முதல் விளக்கு வெளிச்சத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள். ஒரு பழமோ கொஞ்சம் கடலையோ சாப்பிட்டுவிட்டு நடந்தால் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

யாரைக் கேட்பது, என்ன கேட்பது

'இங்கே நல்ல ஹோட்டல் எது?' என்று கேட்டால் தப்பான பதில்தான் வரும். கேட்கப்பட்டவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், விருந்தாளிக்கு எது பொருத்தம் என்று யோசிப்பார், பெரிதாகவும் ஏசி உள்ளதாகவும் ஒன்றைச் சொல்வார். அவர் அங்கே சாப்பிட்டிருக்கவே மாட்டார்.

'இன்று மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?' என்று கேளுங்கள். அதற்கு உண்மையான பதிலைத்தான் சொல்ல முடியும். வீட்டுச் சாப்பாடு என்றால், 'வீட்டிலிருந்து கொண்டுவராத நாளில்?' என்று தொடருங்கள்.

கேட்கத் தகுந்தவர்கள் அந்தத் தெருவிலேயே நாளெல்லாம் இருப்பவர்கள்: முடிதிருத்துபவர், தையல்காரர், காய்கறி விற்பவர், மருந்துக் கடையில் நிற்பவர், போன் பழுது பார்ப்பவர். தங்கும் விடுதியின் வரவேற்பிலும் வாடகை வண்டியிலும் கேட்பதில் தப்பில்லை. ஆனால் சில இடங்களில் ஆள் கொண்டுவந்து விடுவதற்குக் கமிஷன் இருக்கும். நீங்கள் கேட்ட கடையை 'அது மூடிவிட்டது, நான் வேறு இடம் காட்டுகிறேன்' என்று ஓட்டுநர் தானாகச் சொன்னால், போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒருவர் சொன்னதும் ஓடாமல், கொஞ்சம் தள்ளி இன்னொருவரிடம் தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே பெயரைச் சொன்னால் தேடல் முடிந்தது. பெயரை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் என்ன அடையாளம் என்றும் கேளுங்கள், பலகையே இல்லாத கடையாகக்கூட இருக்கலாம். கூடவே, 'அங்கே என்ன சாப்பிட வேண்டும்?' என்பதையும் கேட்க மறக்க வேண்டாம். சின்னக் கடைக்குக் கைவந்தது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதற்காக இருப்பவை.

வாசலில் பத்து நிமிடம்

உள்ளே நுழையுமுன் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். மொத்த வேலையிலும் பலன் அதிகம் தருவது இந்தப் பத்து நிமிடம்தான்.

ஒருவர் வருகிறார், மெனுவைப் பார்க்காமல் உட்காருகிறார், அவர் வாய் திறக்குமுன் தட்டு வருகிறது. அவர் தினமும் வருபவர். அப்படி நாலைந்து பேரைப் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. அடுத்து, மேசை துடைப்பவர் எடுத்துப்போகும் தட்டுகளைக் கவனியுங்கள். வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்களா, பாதி மீந்திருக்கிறதா? எல்லாத் தட்டிலும் ஒரே பதார்த்தம் ஒதுங்கிக் கிடந்தால் அதை மட்டும் நீங்கள் கேட்க வேண்டாம். அடுப்பிலிருந்து தட்டுக்கு நேராக வருகிறதா, மூடி வைத்த பாத்திரத்திலிருந்து வருகிறதா? காசு வாங்கும் கையே சாப்பாட்டையும் தொடுகிறதா? பார்சல் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்களா? வீட்டுக்கு எடுத்துப்போகும் அளவுக்கு நம்புகிறார்கள் என்றால் அது நல்ல அறிகுறி.

எண்ணெய் வாசனையை விடாதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கறுத்திருக்கும், மேலே நுரை அடங்காது, சீக்கிரமே புகையும். காரலான நெடி தெருவரை வரும். அந்த நெடி இருந்தால் பொரித்த எதையும் அங்கே தொட வேண்டாம்.

மெனுவும் பேசும். கையால் எழுதி, ஏழெட்டு வகையோடு நின்று, தீர்ந்துபோனதை அடித்திருந்தால் அன்றன்று வாங்கி அன்றன்று சமைக்கிறார்கள். சின்ன அடுப்படியை வைத்துக்கொண்டு 120 வகையைப் படத்தோடு ஐந்து மொழியில் போட்டிருந்தால், அத்தனையையும் புதிதாகச் சமைக்க வழியில்லை. பெரும்பாலானவை உறைபெட்டியிலிருந்துதான் வரும். வாசலில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிறார்களா, நடையைக் கட்டுங்கள்.

காலியாக இருக்கும் கடையைப் பார்த்ததும் ஒதுக்கிவிட வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கடைகள் நிரம்பி இது மட்டும் காலியென்றால் காரணம் இருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் காலியென்றால் அது இயல்பு. நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். சில ஊர்களில் சுகாதாரச் சோதனையின் முடிவு கடையிலேயே ஒட்டப்பட்டிருக்கும். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 0 முதல் 5 வரை மதிப்பெண், நியூயார்க் நகரில் 2010 முதல் எழுத்துத் தரம் (A, B, C). இருந்தால் தேதியோடு பாருங்கள்.

எப்போது நுழைவது

கூட்டம் உச்சத்தைத் தொட அரை மணி நேரம் இருக்கும்போது. எல்லா வகையும் இருக்கும், சமைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், பரிமாறுகிறவருக்கு உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லப் பொறுமையும் இருக்கும். உச்ச நேரத்தில் போனால் சைகை காட்டிக்கூட ஆர்டர் கொடுக்க முடியாது. மூடும் நேரத்துக்கு முந்தைய அரை மணியில் போகாதீர்கள். மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். அடுப்படி கழுவ ஆரம்பித்திருப்பார்கள். கையில் சில்லறை நோட்டுகள் இருக்கட்டும். வெளிநாட்டு அட்டையையும் போன் ஆப்பையும் பல சின்னக் கடைகளில் வாங்க மாட்டார்கள்.

உள்ளே போன பிறகு

நீங்களாக உட்காருவதா, யாராவது இடம் காட்டுவார்களா, முதலில் டோக்கன் வாங்க வேண்டுமா என்று முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்யுங்கள். நாலு பேர் மேசையில் தனியாக உட்கார்ந்தால், உங்களோடு யாராவது வந்து உட்காரலாம். அவர் தட்டைப் பார்த்து 'அதே மாதிரி' என்று காட்டுவதைவிடச் சுலபமான ஆர்டர் இல்லை.

'எது நன்றாக இருக்கும்?' என்றால் 'எல்லாமே' என்பார்கள். 'எது முதலில் தீரும்?' என்று கேளுங்கள். முதல்முறை அந்தப் பெயர்போன ஒன்றும், காரமோ புளிப்போ அதிகமில்லாத எளிய ஒன்றும் போதும். பிடித்தால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

போன் கேமரா மொழிபெயர்ப்பு அச்செழுத்துக்குப் பரவாயில்லை. கையெழுத்தில் தடுமாறும், பதார்த்தப் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஏதோ ஒன்றாக்கிவிடும். அதை வைத்து ஒவ்வாமையைத் தீர்மானிக்காதீர்கள்.

பணத்தில் தகராறு வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாவது, எடைக்கு விற்கும் மீன், நண்டு, இறைச்சி. பலகையில் இருக்கும் விலை முழு மீனுக்கு இருக்காது, 100 கிராமுக்கு இருக்கலாம். 800 கிராம் மீன் என்றால் பில் எட்டு மடங்கு. உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லி, மொத்தத் தொகையைப் போனில் தட்டச்சு செய்து காட்டி, அவர் தலையாட்டிய பிறகே அடுப்புக்குப் போகட்டும். இரண்டாவது, கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, கடலை, தண்ணீர் பாட்டில். சில ஊரில் இலவசம், சில ஊரில் காசு. வேண்டாமென்றால் தொடாமல் உடனே திருப்பிக் கொடுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் 'சைவம்' என்ற ஒரு சொல்லோடு நிற்கக் கூடாது. சில இடங்களில் கறித்துண்டு இல்லையென்றாலே சைவம் என்பார்கள். அடிநீர் எலும்பில் காய்ச்சியதாகவும் சாஸ் மீனில் செய்ததாகவும் தாளித்தது மிருகக் கொழுப்பாகவும் இருக்கும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் அட்டையைச் சமையல்காரரிடமே காட்டும்படி கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்கள் தகவல் தந்தாக வேண்டும். எல்லா நாட்டிலும் அப்படிச் சட்டம் கிடையாது. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை இருந்தால், ஒரே வாணலியில் எல்லாம் புரளும் சின்ன அடுப்படி உங்களுக்கு ஆகாது. எவ்வளவு மணமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒவ்வாமைக்கான ஊசி மருந்து (அட்ரினலின்) எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

வயிற்றைக் காப்பது

கிருமி வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. சூடானது ஆவி பறக்க வர வேண்டும், குளிர்ந்தது சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருப்பதுதான் ஆபத்து. சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோற்றில் குறிப்பாகக் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாகாது. ஆறிய சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். மறுபடி சூடு செய்தாலும் வாந்தி வர வைக்கும் அந்த நச்சு அழியாது. தண்ணீர் சந்தேகமான ஊரில் ஐஸையும் பச்சைக் காய்களையும் தவிர்த்து, நீங்களே உரித்துச் சாப்பிடும் பழங்களோடு நில்லுங்கள்.

வயிறு கெட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அது கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், கடுமையான காய்ச்சல், குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல் வாயிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டால் நிறுத்துங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று சாப்பிட்டு முடிப்பதால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

கிடைத்த பிறகு

எழுந்திருக்குமுன் குறித்துக்கொள்ளுங்கள்: உள்ளூர் எழுத்தில் கடையின் பெயர், வரைபடத்தில் இடம், திறக்கும் நேரம், விடுமுறை நாள், சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்குத் தீர்ந்தது. மாலைக்குள் இதில் பாதி மறந்துபோகும். நீங்கள் எழுதும் கருத்திலும் இவையே இருக்கட்டும். 'அருமை' என்பதைவிட 'மதியம் 1 மணிக்கு முன் போங்கள், அதற்குப் பிறகு குழம்பு இருக்காது' என்ற வரி அடுத்தவருக்கு உதவும்.

பொதுவில் போடுமுன் கடைக்காரரைக் கேளுங்கள். ஆறு மேசையோடு கணவனும் மனைவியுமாக நடத்தும் கடைக்குத் திடீர்க் கூட்டம் வந்தால் தினமும் வருபவருக்கு இடமில்லாமல் போகும், சமையலும் கைமீறும். சிலர் மகிழ்ச்சியோடு சரி என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களின் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்கும்போது கல்லாவில் இருப்பவரிடம், கடை விடுமுறையன்று அவர்கள் குடும்பத்தோடு எங்கே போய்ச் சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள். சமைப்பதையே தொழிலாகக் கொண்டவர் காசு கொடுத்துச் சாப்பிடும் இடம் எந்த வரைபடத்திலும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்காது. மறுநாள் மதியத்துக்கு அங்கே போகலாம்.